டிரம்மில் அரிசி இருக்கிறதா? லெப்டின் எப்படி இயங்குகிறது

கோலார் சுரங்க ஊரில், நந்திதுர்க் லைன் வீட்டுச் சமையல்கட்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. மூலையில் அரிசி டிரம், அதன்மேல் கேழ்வரகு மாவு டப்பா, சுவரோரம் அடுப்பு. டிரம் நிறைந்திருக்கும்போது படியை உள்ளே விட்டால் சத்தமே வராது. அரிசியில் மெத்தென்று இறங்கும். மாசக் கடைசியில் அதே படி அடித்தகரத்தில் மோதி ‘டங்’ என்று கேட்கும். அள்ளப் போன சின்னப் பெண் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: “ஆயா, படி அடி தட்டுது!”

நடையில் உட்கார்ந்திருக்கும் ஆயா அதைக் கேட்டு எழுந்து ஓடுவதில்லை. மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறாள். அன்றாட உலை நிற்கக்கூடாது. களியும் கீரையுமாக வயிறு நிறைந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டு விருந்து வைப்பதாக இருந்ததே, அது தள்ளிப்போகிறது. “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று அடுப்படியில் இருக்கும் மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு பெண்ணின் உடம்பு கருத்தரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது கிட்டத்தட்ட இப்படித்தான். டிரம் என்பது தோலுக்கடியிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்திருக்கும் கொழுப்பு. எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கும் பெண், லெப்டின் என்ற ஹார்மோன். ஆயா, மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸ். அடுப்படி என்பது பிட்யூட்டரிச் சுரப்பியும் சினைப்பையும். விருந்துதான் குழந்தை.

அந்த விருந்துக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கர்ப்பத்தை முதல் நாளிலிருந்து பிரசவம் வரை கொண்டுசெலுத்த ஏறத்தாழ 80,000 கலோரி கூடுதலாகத் தேவை. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கலோரி இருக்கிறது. கணக்குப் பார்த்தால் 23 கிலோ அரிசி. கடையில் விற்கும் 25 கிலோ சிப்பம் ஒன்று. பிறகு பால் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. அது இன்னொரு சிப்பத்தையும் தாண்டும். வீட்டுச் சாப்பாடு போக, குழந்தைக்கு மட்டும் இரண்டு சிப்பத்துக்கு மேல். இவ்வளவு பெரிய செலவை டிரம்மை எட்டிப் பார்க்காமல் எந்த உடம்பும் இழுத்துப் போட்டுக்கொள்ளாது.

எட்டிப் பார்ப்பது யார் என்பது 1994 வரை தெரியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1949-ல், தின்றுகொண்டே இருந்து உருண்டையாகிப் போகும் ஒரு சுண்டெலி வகை தற்செயலாகக் கண்ணில் பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும் என்பது தெரிந்தது. அதே ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மேன், இந்த எலிகளின் ரத்தத்தில் ஏதோ ஒரு சேதி இல்லாமல் போயிருக்கிறது என்று பின்னால் காட்டினார். அது என்ன சேதி என்பதை நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு 1994 டிசம்பரில் வெளியிட்டது: கொழுப்பு செல்களே சுரந்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம், லெப்டின். அதுவரை கொழுப்பை மூட்டை கட்டி வைத்த சரக்கு என்றுதான் மருத்துவப் பாடம் கருதிவந்தது. அது பேசும் என்று யாரும் நினைக்கவில்லை.

செய்தித்தாள்கள் அன்றைக்கு இதை உடல் மெலிய வைக்கும் மருந்தாகக் கொண்டாடின. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எலிகளைப் பற்றிய வேறொரு விஷயம். அவை மலடு. கொழுத்த பெண் எலி கருத்தரிப்பதே இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபாரித் ஷெஹாப் 1996-ல் அந்தப் பெண் எலிகளுக்கு லெப்டின் ஊசி போட்டார். அவை கருவுற்றுக் குட்டி போட்டன. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவற்றின் டிரம் நிரம்பி வழிந்துகொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் மட்டும் இல்லை. அதனால் ஆயா, ‘வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை’ என்றே முடிவு கட்டி, வாய்க்கு ஓயாமல் தீனி தேடவும் சொன்னாள். விருந்தையும் அடியோடு நிறுத்திவிட்டாள். மூளைக்குத் தெரிவது கொழுப்பு அல்ல, கொழுப்பைப் பற்றிய சேதி மட்டும்தான்.

மனிதர்களிலும் இப்படி நடக்குமா என்ற கேள்விக்கு 1997-ல் கேம்பிரிட்ஜில் பதில் கிடைத்தது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட சகோதரச் சகோதரி இருவருக்கு லெப்டின் சுரக்கவே இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இப்படிப்பட்ட பழுது இரட்டையாகச் சேர்வது உண்டு. மாமன் மகளைக் கட்டும் நமக்கும் அது புதிதல்ல. அந்தக் குழந்தைகளுக்கு ஊசி வழியாக லெப்டின் கொடுத்தபோது பசி அடங்கியது. அடுத்து நடந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. பருவ வயதை நெருங்கிய குழந்தைக்கு ஊசிக்குப் பிறகு பருவமடையும் மாற்றங்கள் தொடங்கின. அதே ஊசி போட்ட சின்னக் குழந்தைக்கு எதுவும் தொடங்கவில்லை. ஆக, லெப்டின் விருந்தை ஆரம்பித்து வைப்பதில்லை. நாள் வந்திருந்தால், ‘டிரம்மில் இருக்கிறது, நடத்தலாம்’ என்று தடையை விலக்குகிறது. நாள் வராவிட்டால் டிரம் எவ்வளவு நிறைந்திருந்தும் ஒன்றும் இல்லை.

துருக்கியில் இதே பழுதோடு பெரியவர்களாகிவிட்ட மூவருக்கு லெப்டின் கொடுத்துப் பார்த்த விவரம் 2004-ல் வெளியானது. 27 வயது வரை பருவமே எய்தாத ஆண் அந்த வயதில் பருவம் எய்தினார். பெண்களுக்கு மாதவிலக்கு சீரானது.

சரி, சின்னப் பெண்ணின் குரல் அடுப்படி வரை எப்படிப் போகிறது? மூளையில் விருந்துக்குத் தீ மூட்டுகிற நரம்பு செல்கள் உண்டு. ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவை பிட்யூட்டரிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பின் வேகத்தை வைத்துத்தான் பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது, சினைப்பை முட்டையை முதிர்த்து வெளிவிடுகிறது. விந்தை என்னவென்றால், இந்தச் செல்களுக்கு லெப்டினின் குரல் நேராகக் கேட்பதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி அவற்றில் இல்லை. நடையில் இருக்கும் வேறு செல்கள் கேட்டு, கிஸ்பெப்டின் முதலான இன்னொரு சேதியாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன. டிரம்முக்கும் அடுப்புக்கும் நடுவில் ஆயா உட்கார்ந்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. அவளுக்கு அரிசிக் கணக்கு மட்டுமல்ல, வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பது யார், துக்கம் எங்கே, வேலைப் பளு எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவள் வார்த்தை வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண் டிரம்மை மட்டும் பார்ப்பதில்லை, வாசலையும் பார்க்கிறாள். அரிசி பாதி இருந்தாலும் இரண்டு நாளாக வீட்டுக்குச் சாமான் வரவில்லை என்றால் அப்போதே குரலைத் தாழ்த்திவிடுகிறாள். இரண்டு, மூன்று நாள் முழுப் பட்டினியில் உடம்புக் கொழுப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் ரத்தத்தில் லெப்டின் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கஷ்டம் வந்த பிறகு அல்ல, வரப்போகும்போதே உடம்பு கையைச் சுருக்குகிறது.

கோலார் சுரங்க ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எலி தேவையில்லை. தாது வருஷத்துப் பஞ்சம் போதும். 1876-ல் மழை பொய்த்து, 1878 வரை மைசூர் சமஸ்தானத்தையும் சென்னை மாகாணத்தையும் வாட்டியது அது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மைசூர் மக்கள்தொகை 1881-ல் 42 லட்சத்துக்கும் கீழே போனது. செத்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள். பிறக்காமல் போனவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. சென்னை மாகாணத்தில் சாவு உச்சத்தைத் தொட்ட 1877-க்கு அடுத்த வருஷம் பிறப்புகள் பாதாளத்துக்கு இறங்கின. பஞ்சம் தணிந்ததும் மறுபடி ஏறின. பிழைப்புத் தேடிப் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் பிரிந்ததும் காய்ச்சலும் இதற்குக் காரணம்தான். ஆனால் உயிர் பிழைத்த பெண்கள் பலரின் உடம்பும் விருந்தை நிறுத்தி வைத்திருந்தது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்துக் குறித்தார்கள்: பஞ்சம் பிடித்த நகரங்களில் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மாதவிலக்கு நின்றுபோனது.

தாது வருஷம் முடிந்த கையோடு, 1880-ல், ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் சுரங்கங்களுக்கு ஏறி வந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட ஜில்லாக்கள் அவை. அவர்கள் குடியேறிய தட்டி வீடுகளில் முதல் தலைமுறைக் குழந்தைகளைப் பெற்ற பெண்களில் எத்தனையோ பேர், தாங்கள் சிறுமிகளாக இருந்தபோது டிரம் காலியான சத்தத்தைக் கேட்டவர்கள்.

இன்றைய நந்திதுர்க்கில் பஞ்சம் இல்லை. அரசு தரும் அன்னபாக்யா அரிசி வருகிறது. ஆனால் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களை மூடிய பிறகு ஊருக்குள் வேலை இல்லை. ஆணும் பெண்ணும் விடியும் முன்னே எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்கள், புதிதாகக் கல்யாணம் ஆன பெண்கள், கடைக்கும் கம்பெனிக்கும் ஓடுகிறார்கள். காலையில் ஒரு டீ. டப்பாவில் கொஞ்சம் சாதம், அதையும் நின்றுகொண்டே தின்றுவிட்டு, ராத்திரி வீடு திரும்பும்போது பசியைத் தூக்கம் ஜெயித்துவிடுகிறது. ஏற்கெனவே ஒல்லி. மூன்று மாதமாகத் ‘தலைக்கு ஊத்தல’ என்றால், “உடம்பு சூடு, மோர் குடி” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சூடு அல்ல. சாமான் வரத்துக் குறைந்ததைப் பார்த்து அந்தச் சின்னப் பெண் குரலைத் தாழ்த்தியிருக்கலாம்.

இருக்கலாம் என்று சொல்லக் காரணம் உண்டு. மாதவிலக்கு நிற்கத் தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கின்றன, கர்ப்பமாகவும் இருக்கலாம். அவற்றைப் பார்த்துத்தான் தீர வேண்டும். ஆனால் ஒல்லியான பெண்ணிடம், ‘நாளுக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறாய்?’ என்ற கேள்வியைக் கேட்காமலே, ரத்தப்போக்கை வரவழைக்கும் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குப் பெரிய மனக்குறை. அந்த மாத்திரையில் தீட்டு வரும், முட்டை வெளிவராது. விருந்தே நடக்காத வீட்டில் வாசலில் கோலம் மட்டும் போட்டது போலாகும். அதற்குள் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்த நாட்களெல்லாம் எலும்பின் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். இருபது வயதில் எலும்பில் சேராதது பிறகு லேசில் சேராது.

அப்படியானால் லெப்டின் ஊசியே போட்டுவிடலாமே என்று தோன்றும். 2004-ல் பாஸ்டனில் போட்டுப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சிய உடற்பயிற்சியாலும் எடைக் குறைவாலும் மாதவிலக்கு நின்ற எட்டுப் பெண்கள். இரண்டே வாரத்தில் மூளையின் துடிப்பு வேகம் பிடித்தது. மூன்று பேருக்கு முட்டை வெளிவந்தது. கூடவே பசி குறைந்து உடம்புக் கொழுப்பும் இறங்கத் தொடங்கியது. இதில் ஆச்சரியம் இல்லை. டிரம் காலியாக இருக்கும்போது ‘நிறைய இருக்கு ஆயா’ என்று சொல்ல வைத்தால், ஆயா விருந்துக்கும் சம்மதிப்பாள், கடைக்கு ஆள் அனுப்புவதையும் நிறுத்துவாள். நிஜமாக டிரம்மை நிரப்புவதற்கு மாற்று கிடையாது. மெட்ரெலெப்டின் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது, உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் போகும் அபூர்வ நோய்க்காக மட்டும். இணையத்தில் ‘லெப்டின் மாத்திரை’ என்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். லெப்டின் ஒரு புரதம். வாய் வழியே போனால் பருப்பும் முட்டையும் செரிப்பது போலச் செரித்துப்போகும்.

டிரம் வழிந்தால் விருந்து இன்னும் சிறப்பாக நடக்குமா? நடக்காது. கொழுப்பு மிகுந்த பெண்ணின் ரத்தத்தில் லெப்டினும் மிகுந்திருக்கும். ராத்திரி பகலாக ஒரே குரல், ‘இருக்கு, இருக்கு’ என்று. கேட்டுக் கேட்டு ஆயாவின் காது மரத்துவிடுகிறது. பசி அடங்குவதில்லை. கூடவே இன்சுலினும் ஏறி, சினைப்பையின் வேலை தடுமாறுகிறது. ஒல்லிப் பெண்ணுக்கும் பருத்த பெண்ணுக்கும் ஒரே மாதிரி மாதவிலக்கு தவறலாம். ஒருத்திக்குச் சேதி வரவில்லை, இன்னொருத்திக்கு வந்த சேதி கேட்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 18.7 சதவீதம் பேர் எடை போதாதவர்கள், 24 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

இனி கர்ப்பம். இங்கேதான் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

கரு தங்கிய பிறகு தாயின் ரத்தத்தில் லெப்டின் ஏறத் தொடங்கி, ஆறாம், ஏழாம் மாத வாக்கில் முன்பிருந்ததைப் போல இரண்டு, மூன்று மடங்காகிறது. தாயின் உடம்பில் கொழுப்பு அவ்வளவு சேர்ந்திருக்காது. பிறகு எங்கிருந்து வருகிறது? 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: நஞ்சுக்கொடியிலிருந்து. கொழுப்பு செல் மட்டுமே சுரக்கும் என்று நினைத்த ஹார்மோனை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. விருந்தாளி வரும்போதே தன் வீட்டுச் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து நம் சமையல்கட்டில் நிறுத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் ‘இருக்கு, இருக்கு’ என்றே குரல் கொடுக்கிறாள். நஞ்சுக்கொடியின் லெப்டினில் மிகப் பெரும்பங்கு தாயின் ரத்தத்துக்குத்தான் போகிறது, சிசுவுக்குப் போவது கொஞ்சம். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் லெப்டின் மளமளவென்று இறங்கிவிடுவதே இதற்குச் சாட்சி.

இவ்வளவு லெப்டின் ஏறினால் தாய்க்குப் பசி மங்க வேண்டுமல்லவா? நேர்மாறாக நடக்கிறது. மசக்கை தெளிந்த பிறகு அவள் முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள். ஏனென்றால் ஆயா வேண்டுமென்றே காதை மூடிக்கொள்கிறாள். கர்ப்பக் காலத்தில் மூளை லெப்டினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துவிடுகிறது என்று நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். டிரம் நிறைந்திருக்கிறது என்ற சேதி வந்தாலும், ‘பரவாயில்லை, இன்னும் வாங்கிப் போடு’ என்பதே உத்தரவு. பருமனில் மரத்த காது நோய். கர்ப்பத்தில் மூடிய காது ஏற்பாடு. பிரசவத்துக்குப் பின் பால் கொடுக்கும் மாதங்களுக்கான இரண்டாவது சிப்பத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது.

எலியையும் பெண்ணையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். சுண்டெலியின் நஞ்சுக்கொடி நம்முடையதைப் போல லெப்டினைச் சுரப்பதில்லை. ஷெஹாப் குழு தங்கள் மலட்டு எலிகளுக்கு லெப்டின் கொடுத்துக் கருவுறச் செய்து, பாதிக் கர்ப்பத்தில் ஊசியை நிறுத்தியும் பார்த்தது. குட்டிகள் ஒழுங்காகவே பிறந்தன. அடுத்து வந்த சோதனைகள், கரு கருப்பைச் சுவரில் பதியும் வரைதான் எலிக்கு லெப்டின் அவசியம் என்று காட்டின. மனித நஞ்சுக்கொடியிலோ கருவைச் சுற்றிய செல்கள் வளரவும், கருப்பைச் சுவருக்குள் வேர் பிடிக்கவும், தாயின் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களைச் சிசுவுக்குக் கடத்தவும் லெப்டின் கைகொடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வலிப்பை நோக்கிப் போகும் நிலையில் நஞ்சுக்கொடி வழக்கத்தைவிட அதிகமாக லெப்டின் சுரக்கிறது. ரத்த ஓட்டம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடி குரலை உயர்த்துகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கதையில் நம் ஊருக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அது புனேயிலும் மைசூரிலும் எழுதப்பட்டது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அளந்தார். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. ஆனால் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பார்த்தால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2002-ல் புனே குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை லண்டன் வெள்ளைக்காரக் குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். எடையில் அத்தனை வித்தியாசம் இருந்தும் லெப்டின் குறைந்திருக்கவில்லை. இன்சுலின் அதிகமாகவே இருந்தது. வீடு சின்னது, சுவர் மெல்லியது, டிரம் மட்டும் முழு அளவில். ‘புள்ள நோஞ்சானா பொறந்திருக்கு’ என்று நாம் பார்க்கிற குழந்தையின் ரத்தம் கொழுத்த குழந்தையின் சேதியைச் சொல்கிறது.

மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை இதே கேள்வியை இன்னும் தூரம் கொண்டுபோனது. 1997–98-ல் அங்கே பிரசவத்துக்கு வந்த பெண்களுக்குக் கர்ப்பத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை செய்து, பிறந்த குழந்தைகளை டாக்டர் ஜி.வி. கிருஷ்ணவேணி உள்ளிட்ட குழு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து அளந்தது. பிறக்கும்போது வெள்ளைக்காரக் குழந்தைகளைவிடப் பல அளவுகளில் சிறிதாக இருந்த மைசூர்க் குழந்தைகள், நான்கு வயதில் அந்த முதுகு மடிப்பில் மட்டும் அவர்களை மிஞ்சினார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே கொழுப்பும் இன்சுலினும் கூடுதல். நாளைக்குத் தாயாகப் போகிறவர்கள் அந்தப் பெண் குழந்தைகள். அம்மாவின் டிரம் நிலவரம் மகளின் டிரம்மைத் தீர்மானிக்கிறது.

அதனால்தான் நம் வீடுகளில் கர்ப்பிணிக்குச் சொல்லும் இரண்டு புத்திமதிகளும் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. ஒன்று, ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’. இரண்டு உயிருக்கு என்று இரண்டு பங்கு வேண்டியதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது நாளுக்கு 350 கலோரி கூடுதல், அவ்வளவே. அதையும் வெறும் சாதத்தால் நிரப்பக் கூடாது. தசையும் உறுப்பும் வளரப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, பால், அவரைக்காய்ப் பருவத்தில் அவரை. இன்னொன்று, ‘நெறைய சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டம்’. இது முன்னதைவிட மோசம். மூளை காதைப் பொத்திக்கொண்டு ‘வாங்கிப் போடு’ என்று கேட்கிற மாதங்களில் தட்டைச் சுருக்கினால் சுருங்குவது குழந்தையின் தசையும் உறுப்பும்தான். கொழுப்பு தன் பங்கை விட்டுக்கொடுக்காது என்பதைத்தான் புனே அளவுகள் காட்டின.

பிரசவத்துக்குப் பின் தாயின் லெப்டின் இறங்கினாலும், தாய்ப்பால் வழியாகக் கொஞ்சம் குழந்தைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. டப்பா பால்மாவில் அது கிடையாது. பிறந்த வாரங்களில் குழந்தையின் பசியைப் பழக்குவதில் அதற்குப் பங்கு உண்டா என்று இப்போதும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பால் கொடுக்கச் சொல்வதற்கு அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

லெப்டினை அளக்க ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் நந்திதுர்க் பெண்ணுக்கு அதனால் பயன் இல்லை. அவளுக்குப் பயன்படுவது வேறு, அதுவும் மலிவானது. கர்ப்பம் தெரிந்து முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடையையும் உயரத்தையும் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே சர்க்கரைப் பரிசோதனை கேளுங்கள். சென்னை டாக்டர் வி. சேஷையா வற்புறுத்திக் கொண்டுவந்து, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் ஏறிவிட்ட முறை அது: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு, வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தால் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும்.